கூடுதலாக ஒரு க்

பாபு அண்ணன் வந்தபோது நான் கம்ப்யூட்டரின் மேல் கிடந்த பின்னல் உறையை மடித்துக்கொண்டிருந்தேன். கோவில் திருவிழாக் கடையில் அம்மா எப்போதோ வாங்கியது. வெள்ளை நூல், இப்போது டீ நிறம்.

சேலையூர் வீட்டின் முன்னறை. சனிக்கிழமை காலை பத்தரை மணி. கேம்ப் ரோட்டில் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“இன்னா பாப்பா, இது இன்னும் ஓடிகினு கீதா?” என்றார் பாபு அண்ணன். எங்கள் பகுதியில் எல்லா வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அவர்தான் வைத்தியர்.

“ஓடுதுண்ணா. ஆன் ஆகத்தான் பத்து நிமிஷம் ஆகுது.”

“பத்து நிமிசத்துல நானு தாம்பரம் போய்ட்டு வந்துருவேன். ஃபார்மட் பண்ணா சரியாப் பூடும். வேணுங்கறத எல்லாம் எடுத்து வச்சிட்டியா? அப்பால வந்து, அண்ணா அத்தக் காணோம் இத்தக் காணோம்னு பேஜார் பண்ணக் கூடாது.”

“எல்லாம் எடுத்தாச்சு பாபு. தூக்கிட்டுப் போ” என்றார் அம்மா சமையலறையிலிருந்து. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த மாதம் ஆன்லைனில் டியூஷன் தொடங்கப் போகிறார். அதற்காகத்தான் இந்த வைத்தியம்.

என் கையில் பட்டியல் இருந்தது. போட்டோக்கள், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஓய்வூதியக் காகிதங்கள், கேள்வித்தாள்கள், வீட்டு வரி ரசீது. ஐந்தும் டிக் அடித்தாகிவிட்டது. ஆறாவது வரியில் வெறும் கேள்விக்குறி போட்டிருந்தேன்.

“ஒரு மணி நேரம் குடுங்கண்ணா.”

“சர்தான். பக்கத்துத் தெருவுல ஒரு பிரிண்டர் கீது. அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வரேன்.”

அவர் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அக்காவின் கல்யாணம் நின்றுபோனதற்குக் காரணம் நான்தானா? அதற்கான பதில் அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம் என்று எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். பார்க்கத்தான் துணிவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, பார்க்க நினைத்தாலும் எதுவும் இருக்காது.

ஒரு வாசகியின் கேள்வி

நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் பெருங்களத்தூர் வாசகி ஒருவர், “நீங்கள் மென்பொருள் துறையில் இருக்கிறீர்களே, உங்கள் கணினியில் என்னென்ன செயலிகள் வைத்திருக்கிறீர்கள்? வேலை சீக்கிரம் முடிய ஏதாவது சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தார். பட்டியல் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். உடனே எழுத உட்கார்ந்தேன்.

ஒன்று, தேடல் பெட்டி. இரண்டு விசைகளை அழுத்தினால் திரை நடுவில் ஒரு கட்டம் வரும். வேண்டியதன் முதல் இரண்டு எழுத்தை அடித்தால் திறந்துகொள்ளும். மவுஸைத் தொடவே வேண்டாம்.

இரண்டு, திரையைப் பாகம் பிரிக்கும் செயலி. இடது பக்கம் மின்னஞ்சல், வலது பக்கம் வேலை. ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளாது.

மூன்று, வெற்று எழுத்தில் குறிப்பெழுதும் செயலி. நிறமில்லை, படமில்லை. அதனால்தான் பத்து வருடம் கழித்தும் திறக்கும்.

நான்கு, கிளிப்போர்டு காப்பாளர். சாதாரணக் கணினி நீங்கள் கடைசியாக நகலெடுத்த ஒன்றைத்தான் நினைவில் வைத்திருக்கும். இது கடைசி ஆயிரத்தையும் வைத்திருக்கும், எடுத்த நேரத்தோடு. ஆயிரத்து ஒன்றாவது வரும்போது முதலாவது போகும்.

ஐந்து, விரிப்பான். இந்தப் பெயர் நான் வைத்தது. ஒரு சுருக்கத்தை அடித்தால் முழுப் பத்தியையும் விரித்துக் கொடுக்கும்.

என் திரையின் கீழ் ஓரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாவது கடிகாரம். மஸ்கட் நேரம் காட்டும், நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். வேலை சீக்கிரம் முடிய அது எந்த விதத்திலும் உதவாது. அதனால் பட்டியலில் சேர்க்கவில்லை.

நான்காவதையும் ஐந்தாவதையும் எழுதியபின் கை நின்றுவிட்டது. அவற்றின் கதையைச் சொல்லலாமா என்று இரண்டு பேரிடம் அனுமதி கேட்டேன். ஒருவர், “பேர மட்டும் மாத்திடு” என்றார். இன்னொருவர், “எழுது, ஆனா பிழையில்லாம எழுது” என்றார். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ஷீபா அக்காவின் முறுக்கு

அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மா, ஷீபா அக்கா, நான். மூவருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே கடவுச்சொல்.

அக்கா தமிழ் டீச்சர். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பள்ளியிலிருந்து வந்ததும் முகம் கழுவி, ஒரு தட்டில் முறுக்கை உடைத்துப் போட்டுக்கொண்டு கேள்வித்தாள் அடிக்க உட்காருவாள். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் மாறும் முறைதான். ஆனால் திரையைப் பார்க்க மாட்டாள். குனிந்து விசைகளையே பார்த்து, ஒரு விரலால், கோழி கொத்துவதுபோல அடிப்பாள். ஒரு பக்கம் முடித்த பிறகுதான் தலையை நிமிர்த்துவாள்.

“மேல பாத்து அடிக்கா. தப்பு வந்தா தெரியும்ல?”

“எனக்குத் தப்பு வராதுடி ரூபி. உனக்குத்தான் வரும்.”

உண்மைதான். எனக்கு ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றும் குழப்பம். முயற்சி என்பதை முயற்ச்சி என்று எழுதுகிற ஆள் நான். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, தலையில் குட்டுவாள்.

“ற் ஏற்கெனவே ஒரு புள்ளியச் சுமந்துட்டு நிக்குது. அது முதுகுல இன்னொன்ன ஏத்துறியே, பாவமா இல்ல உனக்கு?”

அந்தச் சனிக்கிழமை விசைப்பலகையைக் கவிழ்த்து லேசாகத் தட்டினேன். மேசையில் முறுக்குத் தூள் விழுந்தது. அம்மாவுக்குப் பல் கட்டியதிலிருந்து முறுக்கு ஆகாது. எனக்கு எப்போதுமே பிடிக்காது. துடைக்க எடுத்த துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டேன்.

எம், யு, டி

என் முதல் வேலை, இணைய இணைப்பு கொடுக்கும் ஒரு நிறுவனத்தில். வாடிக்கையாளர் புகார்களுக்குத் தமிழில் பதில் எழுத வேண்டும். சில மாதங்கள் வீட்டிலிருந்தே செய்தேன், இதே கணினியில்.

ஒரு நாளைக்கு அறுபது எழுபது முறை ஒரே பதில். எழுதி எழுதி மணிக்கட்டு வலித்தபோதுதான் விரிப்பானை நிறுவினேன். எம், யு, டி என்று மூன்று ஆங்கில எழுத்து அடித்தால் போதும். ‘முடிந்தது’ என்பதன் தொடக்கம். உடனே திரையில் இப்படி வந்து நிற்கும்:

“தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. தங்கள் தரப்பில் மேற்க்கொண்டு எந்த நடவடிக்கையும் தேவையில்லை. தங்கள் பொறுமைக்கு நன்றி.”

ஆமாம், மேற்கொண்டு என்பதில் கூடுதலாக ஒரு க். நான் வைத்ததுதான். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு அந்தக் க் போயிருக்கிறது. யாரும் கேட்டதில்லை. அக்கா மட்டும் பார்த்துவிட்டு, “ஊர் முழுக்க என் மானத்த வாங்குறியே” என்றாள். திருத்துகிறேன் என்றேன். திருத்தவில்லை.

விரிப்பான் வைத்துக்கொள்ள விரும்பும் வாசகிக்கு ஓர் எச்சரிக்கை. சுருக்கத்துக்கு முன்னால் எப்போதும் ஓர் அரைப்புள்ளி வையுங்கள். வெறும் எழுத்தாக வைத்தால் வேறு சொல்லை அடிக்கும்போதும் விரிந்துவிடும். நான் வைக்கவில்லை. ‘முடிவு’ என்று யாராவது அடித்தால் என்னாகும் என்று யோசிக்கவில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஆண்டனி, மதுரைப் பக்கம். நல்ல குடும்பம் என்று எல்லோரும் சொன்னார்கள். கோவிலில் ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இரண்டு ஓலை முடிந்தது. அந்த வாரம் ஆண்டனி அக்காவுக்கு மின்னஞ்சல் எழுதினார். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும், உன் முடிவு என்ன என்று.

அக்கா பதில் எழுதினாள். மறுநாள் மாலை ஆண்டனியின் அம்மா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார். அந்த அம்மா நிதானமாக வாசித்துக் காட்டினார். தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது என்பதில் தொடங்கி, தங்கள் பொறுமைக்கு நன்றி வரைக்கும்.

“என் பையன் என்ன கரண்ட் கட்டுனு புகார் குடுத்தானா உங்ககிட்ட?”

அம்மா போனைப் பொத்திக்கொண்டு, “என்னடி அனுப்பித் தொலைச்ச?” என்றார்.

“நான் முடிவுன்னுதான்மா அடிச்சேன். ரூபியோட சாஃப்ட்வேர் அதுவா மாத்திடுச்சு. கீழ பாத்து அடிச்சேன், கவனிக்கல. அப்படியே அனுப்பிட்டேன்” என்றாள் அக்கா. அவள் என்னைப் பார்க்கவில்லை.

அம்மா போனில் கெஞ்சினார். அது கம்ப்யூட்டர் செய்த தப்பு, என் சின்னப் பொண்ணு எதையோ போட்டு வைத்திருக்கிறாள் என்றார்.

“கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிருக்கு. விடுங்க சம்பந்தி” என்று அந்த அம்மா போனை வைத்தார். சம்பந்தி என்று அவர் கூப்பிட்டது அதுதான் கடைசி.

நான் அன்றே ஆண்டனிக்கு நடந்ததை விளக்கி எழுதுகிறேன் என்றேன். “நீ எழுதாத, நானே எழுதறேன்” என்றாள் அக்கா. நாளைக்கு, நாளைக்கு என்றாள். ஞாயிறு வந்தது. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தபோது எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியவர்களின் சேலை நிறங்கள்கூட எனக்கு நினைவிருக்கின்றன.

அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. “உன் படிப்பு உன் அக்கா வாழ்க்கைய முடிச்சிடுச்சு” என்று ஒருமுறை சொன்னார். அதன் பிறகு அதையும் சொல்லவில்லை.

விடு

நான்கைந்து மாதத்தில் அக்காவுக்கு மஸ்கட்டில் ஓர் இந்தியப் பள்ளியில் தமிழ் டீச்சர் வேலை கிடைத்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அவள் பெட்டிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டு நின்றபோது, “சாரிக்கா” என்றேன். அதுவரை எத்தனையோ முறை சொல்ல நினைத்தது.

அவள் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு, “விடு” என்றாள். அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லை மூன்று வருடமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மன்னித்தேன், விடு. பேசாதே, விடு. என் கையை விடு. நான் தனியாக மேடவாக்கத்துக்குக் குடிவந்த பிறகு, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும்போதும், ஓஎம்ஆர் நெரிசலில் நிற்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

ஞாயிறுதோறும் அக்கா அம்மாவுக்கு வீடியோவில் பேசுவாள். நான் சேலையூரில் இருந்தால் திரையின் ஓரத்தில் என் பாதி முகம் தெரியும்.

“சாப்பிட்டியா?”

“ம். நீ?”

“ம்.”

பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவாள். நானும் அனுப்புவேன். அவள் எழுத்தில் பிழை இருக்காது. என் எழுத்தில் இருக்கும், ஆனால் அவள் திருத்துவதில்லை. குட்டு வாங்காத தலை லேசாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு அப்படி இல்லை.

காப்பி அடிக்காத வீடு

விரிப்பான் நீளமான பத்திகளை ஒவ்வோர் எழுத்தாக அடிப்பதில்லை. மொத்தத்தையும் கிளிப்போர்டில் வைத்து ஒட்டிவிடும். ஆகவே அது விரித்ததெல்லாம் கிளிப்போர்டு காப்பாளரிலும் பதிவாகும். அக்கா ‘முடிவு’ என்று அடித்த அந்த நொடியும் பதிவாகியிருக்கும். என் குற்றத்துக்கு நேரத்தோடு ஒரு சாட்சி. அதனால்தான் அந்த போன் வந்த நாளிலிருந்து அலுவலகத்துக்கே போய் வேலை செய்தேன், இந்தச் சனிக்கிழமை வரை அந்தக் கணினிப் பக்கமே போகவில்லை.

ஆனால் ஆயிரத்துக்குமேல் போனால் பழையது அழிந்துவிடுமே, மூன்று வருடத்தில் அது எப்போதோ போயிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அக்கா போன பிறகு கணினியைப் பயன்படுத்தியவர் அம்மா ஒருவர்தான். அம்மாவுக்கு நகலெடுத்து ஒட்டுவது பிடிக்காது. எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

“முப்பத்தோரு வருஷம் காப்பி அடிக்காதேன்னு பிள்ளைங்க கைய நீட்டச் சொல்லி அடிச்சவ நான். இந்த வயசுல என்னைக் காப்பி அடிக்கச் சொல்றியா?”

ஒரே கணக்கை ஐந்து கேள்வித்தாளில் போட வேண்டுமென்றாலும் ஐந்து முறை அடிப்பார். அதனால் கிளிப்போர்டு, அக்கா விட்டுப் போன இடத்திலேயே நின்றிருந்தது.

திறந்தேன். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் முதல் வரி மட்டும்தான் தெரியும், ஓரத்தில் நேரம். மேலே அக்காவின் விசா எண், விமான முன்பதிவு, பள்ளியின் முகவரி. கீழே போகப் போகக் கேள்வித்தாள்கள். அதற்கும் கீழே அந்த நாள்.

மாலை ஆறு பன்னிரண்டு. “தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது...”

அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அதற்கு மேலே இன்னும் இரண்டு இருந்தன.

ஆறு பத்தொன்பது. “ஆண்டனி, இந்தக் கல்யாணத்தில் எனக்கு...” நீளமான கடிதம். முதல் வரிக்கு மேல் நான் திறக்கவில்லை. அது எனக்கு எழுதியதில்லை.

ஆறு முப்பத்தொன்று. மறுபடியும், “தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது...”

இன்னொரு முறை தவறி விரிந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இது நான் எழுதிய பத்திதானே என்று அதை மட்டும் திறந்தேன். படித்தேன். ஏதோ உறுத்தியது. கீழே ஆறு பன்னிரண்டையும் திறந்து, திரையை இரண்டு பாகமாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

இடது பக்கம்: மேற்க்கொண்டு.

வலது பக்கம்: மேற்கொண்டு.

க் இல்லை.

இயந்திரம் என் பிழையைத் திருத்தாது. பத்தாயிரம் முறை விரித்தாலும் அந்தக் க் வரும். அதைப் பொறுக்க முடியாத ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான்.

பன்னிரண்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே பத்தொன்பது நிமிடம். அக்கா நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். தானாக வந்து நின்ற மூன்று வரிகளைப் படித்திருக்கிறாள். சொல்ல முடியாததை ஒரு கடிதமாக எழுதிப் பார்த்து, அனுப்பாமல் வெட்டி எடுத்திருக்கிறாள். கடைசியில் என் மூன்று வரிக்கே திரும்பி வந்து, அதில் ஒரு புள்ளியை எடுத்துவிட்டு, நகலெடுத்து ஒட்டி அனுப்பியிருக்கிறாள். இரண்டு ஓலை வாசித்த பிறகு ஒரு பெண் வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் வழி இல்லை. கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்றால் வழி உண்டு.

கோபம் வர வேண்டும். வந்தது, ஒரு நிமிடம் இருந்தது. அம்மா பேசாத அந்த ஒரு மாதம் நினைவுக்கு வந்தது. பிறகு இன்னொன்றும் தோன்றியது. கிளிப்போர்டை எப்படி அழிப்பது என்று அக்காவுக்குக் காட்டிக் கொடுத்ததே நான்தான். ஒரு விசைதான். அழிக்கத் தெரிந்தவள் அழிக்காமல் விமானம் ஏறியிருக்கிறாள்.

திரையின் ஓரத்தில் மணி பதினொன்று இருபது. மஸ்கட்டில் ஒன்பது ஐம்பது. அங்கே சனிக்கிழமை விடுமுறை. போனை எடுத்தேன்.

“அக்கா, வீட்டு சிஸ்டத்த ஃபார்மட் பண்ணப் போறோம். உன்னோடது ஏதாவது எடுத்து வைக்கணுமா?”

இரண்டு நீலக் குறி உடனே விழுந்தது. எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. வாசலில் பாபு அண்ணனின் வண்டிச் சத்தம் கேட்டது.

“கிளிப்போர்டு பாத்தியா?”

அடித்தேன்.

“பாத்தேன். மேற்க்கொண்டுல ஒரு க் காணோம்.”

பாபு அண்ணன் உள்ளே வந்து, பின்னால் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “புடுங்கட்டுமா பாப்பா?” என்றார். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.

போன் ஒரு முறை அதிர்ந்தது.

“தங்கள் பொறுமைக்கு நன்றி.”

ஒரே வரி. மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தேன். புகார் முடிந்தது, நடவடிக்கை தேவையில்லை என்ற முதல் இரண்டு வரிகளை அவள் அனுப்பவில்லை.

அவள் எண்ணை அழுத்திக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது.

“முடிஞ்சுதாடி?” என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டார்.

“இன்னும் இல்லம்மா” என்றேன்.